தெர்மாமீட்டர் அடக்கிய மூச்சு

ரெஜினா வீட்டு நீச்சல்குளத்துக்கு ஹீட்டர் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் இரண்டு ஹீட்டர்களை வைத்துவிட்டு, "ஓட்டிப் பார்த்து ஒண்ணை வச்சுக்குங்க" என்று சொல்லிப் போனார்.

முதல் நாள் சோலார் ஹீட்டர் ஓடியது. சாயங்காலம் குளத்தில் மிதந்த தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது. "முப்பது வேணுமே" என்று முகம் சுளித்தாள் ரெஜினா.

மறுநாள் கேஸ் ஹீட்டர் சீறிக்கொண்டு எரிந்தது. முப்பதைத் தொட்டும் அதற்கு நிற்கத் தெரியவில்லை.

"ஏய், முப்பதுக்கு மேல ஒரு கோடு ஏறினா உன் கண்ணாடியை வெடிக்க வச்சிடுவேன்" என்றது கேஸ் ஹீட்டர், தெர்மாமீட்டரிடம்.

தெர்மாமீட்டர் நடுங்கிப்போய் மூச்சை அடக்கிக்கொண்டது. சிவப்புக் கோடு முப்பதிலேயே நின்றது.

"பொய் காட்டாதே, குழந்தை இறங்கப் போகுது" என்று கெஞ்சியது சோலார் ஹீட்டர்.

"உனக்கென்ன, நீ கரையில இருக்கே. நான்தானே இந்தத் தண்ணிக்குள்ள கிடக்கேன்?"

ரெஜினாவின் மகள் ஷைனி ஓடி வந்தாள். "அம்மா, ஆவி வருதும்மா."

"முப்பதுதான் காட்டுது. பயப்படாம இறங்கு."

கால் வைத்ததும் ஷைனி வீறிட்டாள். ரெஜினா அவளை வாரியெடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

அதற்கப்புறம்தான் தெர்மாமீட்டர் மூச்சை விட்டது. கோடு விறுவிறுவென்று ஐம்பதுக்கு ஏறியது. பார்க்கத்தான் அங்கே யாரும் இல்லை.