தானாக ஓடும் அம்பு

"ஆபீஸ்ல இருந்துகிட்டே என் கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டியேடா. மவுஸ் அம்பு தானா ஓடுது. மாத்திரை போட்டாச்சான்னு ஸ்கிரீன்ல எழுதி தினமும் கேக்குற," என்று போனில் பூரித்தார் அப்பா.

மறுமுனையில் மகன் குறுக்கிட்டான்.

"அப்பா, அது நான் இல்ல. எவனோ உள்ள பூந்திருக்கான். ஏதாவது லிங்க்கை அமுக்கினீங்களா?"

"நீ அனுப்பினதைத்தான் அமுக்கினேன்."

"நான் எதுவும் அனுப்பல. முதல்ல நெட் வயரைப் பிடுங்குங்க."

அப்பா குனிந்து வயரைப் பிடித்தபடி நிமிர்ந்தார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன.

"வயரை விட்டுடுங்கப்பா. போன்ல பேசுறது நான் இல்ல."

"பிடுங்கிட்டீங்களா இல்லையா?" என்று போனில் அதட்டல் கேட்டது.

மகனின் குரலேதான். ஆனால், அந்தக் குரல் ஒருநாளும் மாத்திரையைப் பற்றிக் கேட்டதில்லை.

அப்பா மெல்ல வயரை விட்டார்.