தாழ்வளையில் தண்ணீர்

வயல்மேட்டுக்குள் மிகப் பெரிய எலிவளை ஒன்று இருந்தது. சின்ன அடைப்பை எடுக்கக்கூடக் கிழட்டுத் தலைவனிடம் போய்த் தவம் கிடக்க வேண்டும். அலுத்துப்போன எலிகள் வளையைக் கிழக்குவளை, மேற்குவளை, தாழ்வளை என்று பிரித்து ஆளுக்கொரு தலைமை வைத்துக்கொண்டன. அதன்பின் அடைப்புகள் அன்றன்றே நீங்கின. தாழ்வளைத் தலைவி செவ்வந்திக்கு அதில் பெருமைதான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கிழக்கும் மேற்கும் தங்கள் வாசல்களை மண்ணால் அடைத்துக்கொள்ள, வெள்ளமெல்லாம் தாழ்வளைக்குள் இறங்கியது. செவ்வந்தி கிழக்குவளைக்கு ஓடினாள்.

“அண்ணே, உங்க வளைக்கும் மேற்குவளைக்கும் நடுவுல ஒரு வடிகால் தோண்டணும். என் குட்டிங்க உள்ள கிடக்குது!”

“தோண்டலாம் தங்கச்சி. மேற்குக்காரன் சம்மதிக்கணுமே?”

மேற்குவளைத் தலைவனும் உருகித்தான் போனான். “ஐயோ பாவமே! கிழக்குக்காரன் முதல்ல தோண்டட்டும்மா. நான் மட்டும் தோண்டினா தண்ணி என் பக்கந்தானே நிக்கும்?”

அவள் திரும்பி வந்தபோது தாழ்வளையின் வாய்வரை தண்ணீர் நின்றது.

மழை விட்டதும் குட்டிகளின் உடல்கள் மேட்டோரம் ஒதுங்கின. அவை கிடப்பது யாருடைய எல்லையில் என்று இரண்டு தலைவர்களும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.  செவ்வந்தி அங்கேயே குழி தோண்டத் தொடங்கினாள்.