நீலப் புகைக்கு யார் பொறுப்பு?

பல்லாண்டு ஓடித் தேய்ந்த கார் ஒன்று நீலப் புகை கக்கியது. மறுநாள் புகைப் பரிசோதனை. தேறாவிட்டால் காயலான் கடைதான்.

"உன் வாய் சுத்தமில்லை," என்று எஞ்சின் சைலன்சரைக் கடிந்துகொண்டது.

"அண்ணாச்சி, நீலப் புகை வந்தால் உள்ளே ஆயில் எரிகிறது என்று பொருள். மெக்கானிக் உங்களைப் பிரித்துப் பார்த்தால் பிழைத்துக்கொள்வீர்கள்."

"எங்கள் பரம்பரையில் எவரையும் பிரித்ததில்லை. வாயை மூடு."

எஞ்சின் சினந்து குலுங்கியதில் சைலன்சர் கழன்று விழுந்தது. உரிமையாளர் பளபளப்பான புதிய சைலன்சரை மாட்டினார். பரிசோதனையில் அதுவும் நீலமாகவே ஊதியது.

"இவனும் அதே குடும்பம் போலும்," என்று எஞ்சின் முனகியது.

அந்த வாரமே காயலான் கடைக்கு வந்து சேர்ந்த எஞ்சினை, முன்பே எடைக்குப் போயிருந்த பழைய சைலன்சர் வரவேற்றது.

"வாருங்கள் அண்ணாச்சி. இங்கே பரம்பரை பார்ப்பதில்லை; எல்லோரையும் பிரித்துவிடுவார்கள்."