புதுக் கட்டிலில் முதல் தூக்கம்

கைபேசித் திரையில் குழந்தையின் முகம் தெரியவில்லை.

தெரிந்ததெல்லாம் போர்வைதான். இசைவாணியின் அண்ணன் நாகராசு குவைத்திலிருந்து கொண்டு வந்த, புலிப் படம் போட்ட கனத்த போர்வை. காலிலிருந்து உச்சி வரை இழுத்து மூடியிருந்தது.

இசைவாணி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புலியின் மீசைதான் பெரிதானது.

அறந்தாங்கிக்குப் போகும் பேருந்து மழையில் ஊர்ந்துகொண்டிருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து, ஆவுடையார்கோவில் பள்ளிக்கூடத்துக்கு அவள் பாடம் நடத்தப் போன முதல் நாள். நான்கு மாதக் குழந்தை இனியாவை வீட்டில் கணவன் செம்மல் பார்த்துக்கொண்டான். வேலையிடத்திலிருந்து பார்த்துக்கொள் என்று கட்டிலுக்கு நேரே கேமரா மாட்டிக் கொடுத்ததும் அவன்தான். வகுப்பில் போனை எடுக்க முடியாது. பள்ளி விட்டுப் பேருந்தில் ஏறிய பிறகுதான் பார்த்தாள்.

கட்டில் புதிது. காலையில்தான் வந்து இறங்கியது. இதுவரை பக்கத்தில் போட்டு வளர்த்த பிள்ளையை இன்றிலிருந்து அதில் விடுவதாகப் பேச்சு.

கட்டிலுக்குள் பிள்ளையைத் தவிர ஒன்றும் கிடக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். தலையணை கூடாது, பொம்மை கூடாது, போர்வை கூடவே கூடாது. குளிர்ந்தால் இன்னொரு சட்டை போடுங்கள், முகத்தில் துணி விழுந்தால் பிள்ளைக்கு விலக்கத் தெரியாது என்று தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா சொன்னார். இசைவாணி கேட்டுக்கொண்டாள். செம்மல் ஊர் ஊராகப் பிரசாரமே செய்தான். சீர்வரிசையில் வந்த இலவம்பஞ்சுத் தலையணைகளைப் பரணில் ஏற்றினான். மார்கழிக் குளிரில் பச்சைப் பிள்ளையை வெறும் மெத்தையில் போடுவீர்களா என்று கேட்ட உறவுகளை வாயைத் திறக்க விடவில்லை.

ஊருக்குத்தான் உபதேசம்.

போர்வை அசைகிறதா?

படம் நின்று நின்று வந்தது. அசையாமல் இருப்பது படமா, பிள்ளையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

செம்மலின் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவைக் கூப்பிட்டாள். அவர் மணமேல்குடியில் ஒரு துக்க வீட்டில் இருந்தார். என்னம்மா ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். வாய்விட்டுச் சொன்னால் அது நடந்துவிடும் என்று பயந்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் திரையை எட்டிப் பார்த்து, பிள்ளை நல்லா அசந்து தூங்குது என்றார்.

கோபமாவது வந்தால் தேவலை என்றிருந்தது. கோபம் வரவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. பிள்ளைக்குப் பசிக்கும் நேரம் என்றுதான் அதற்கு அர்த்தம், பசிக்கிற பிள்ளை நன்றாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இறங்கும்போது ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு தெருவில் ஓடினாள்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே பாய்ந்து போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

குழவிக்கல்.

வெள்ளைத் துணி சுற்றி, தலைப்பக்கம் மட்டும் திறந்து, அதில் ஒரு குங்குமப் பொட்டு.

பின்னாலிருந்து மெதுவாக ஒரு சத்தம் வந்தது, அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லி. கேமராவுக்கு எட்டாத மூலையில், பாயில், சுவரோடு சாய்ந்து செம்மல் உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. அவன் நெஞ்சில் இனியா கன்னத்தைப் பதித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் அவன் வயிறு வரை வழிந்திருந்தது.

மழை பிடித்ததிலிருந்து பிள்ளையின் உடம்பு சில்லென்று இருந்ததாம். நெஞ்சோடு போட்டுக்கொண்டானாம். சூடு ஏறியதும் தூங்கிவிட்டாளாம். எழுந்தால் விழித்துக்கொள்வாள் என்று, தான் கண் மூடாமல், அசையாமல் உட்கார்ந்திருக்கிறானாம். போன் அடுப்படியில் சத்தமில்லாமல் கிடந்தது. எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே சொன்னான்.

இசைவாணி பிள்ளையின் பிடரியில் கை வைத்தாள். கதகதப்பாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு கல்லைப் பார்த்தாள்.

அவளுக்கும் அந்த வழக்கம் தெரியும். பிள்ளையைப் புதிதாக ஒன்றில் கிடத்துவதற்கு முன்னால், குழவிக்கல்லைப் பிள்ளை மாதிரிப் போர்த்தித் தூங்க வைப்பார்கள். கண்ணோ காற்றோ, வருவது கல்லோடு போகட்டும் என்று. விளக்கு வைத்ததும் கல்லை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் போடுவார்கள்.

செம்மல் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான். புள்ளையப் போடயில போர்வைய எடுத்துருவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பின்னாலேயே வந்துவிட்டது.

கல்யாணத்தில் அம்மி மிதிக்கும் சடங்கு கூடாது, கல்லுக்கு என்ன தெரியும் என்று மைக்கைப் பிடித்துப் பேசிய ஆள் அவன். பாதிச் சொந்தம் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனது. இன்னும் தெருவில் அவனைப் பார்த்தால் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

இவர்கள் வீட்டில் குழவியும் கிடையாது. குங்குமமும் கிடையாது.

எந்த வாசலில் போய் நின்று கேட்டு வாங்கினான் என்று இசைவாணி கேட்கவே இல்லை.