தண்ணீர் குடித்த சுவர்

"தெக்குச் செட்டுச் சுவரு விழுந்துருச்சா?" விஸ்வநத்தம் பாதையில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே கேட்டார் கொத்தனார் பெத்தணன். பட்டாசுக் கம்பெனிக்கு மேலே கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அப்படியே சரிஞ்சுருச்சு அண்ணாச்சி!" என்றான் எதிரே சைக்கிளில் வந்தவன்.

பெத்தணன் இன்னும் வேகமாக ஓடினார். "கொன்னுட்டேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் கம்பெனியில் வேலைக் கொட்டகைகளான இரண்டு செட்டுகளுக்கும் சிமெண்டுச் சுவர் எழுப்பியவர் அவர்தான். சிமெண்டு காய்ந்து இறுகுகிற சமாச்சாரம் இல்லை, தண்ணீர் குடித்து இறுகுவது. அது தெரியாதவரா அவர்? ஆனால் அந்தக் கோடையில் கிணறெல்லாம் வறண்டு, வண்டியில் வந்த தண்ணீர் ஒரு செட்டுக்குத்தான் கண்டது.

அவருடைய மகள் முத்துப்பேச்சி வெடி பின்னுவது வடக்குச் செட்டில். அந்தச் சுவருக்கு ஈரச்சாக்குப் போர்த்தி, வேளை தவறாமல் நனைத்தார். தெற்குச் சுவரை வெயிலில் காயவிட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுபோலக் கெட்டி" என்று முதலாளியிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

'நம்ம பிள்ளை கெட்டிச் சுவருக்குள்ளே இருக்கிறது' என்று ஓட்டத்திலும் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே காறித் துப்பத் தோன்றியது.

கம்பெனி வாசலில் போர்மேன் வேலுச்சாமி கரிபடிந்த சட்டையோடு நின்றார். பெத்தணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"தெக்குச் சுவருக்கு நான் தண்ணியே ஊத்தலய்யா. அம்புட்டுப் பேரு சாவுக்கும் நான்தான் காரணம். போலீசுல புடிச்சுக் குடுங்க!"

"யாரு செத்தா? எந்திரிங்க முதல்ல." வேலுச்சாமி கையைக் காட்டினார். வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள்.

"முத்தத்துல காயப்போட்ட சரம் பத்திக்கிச்சு. ரெண்டு செட்டுக்கும் வாசல் அந்தப் பக்கந்தான், வெளிய வர வழியில்ல. தெக்குச் செட்டுப் பொம்பளைக பின்சுவத்துல முதுகைக் குடுத்து ஒரு தள்ளு தள்ளுனாக. பொலபொலன்னு விழுந்துருச்சு. ஒருத்தி விடாமத் தப்பிச்சுட்டாக!"

பெத்தணன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தடி முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எம் மக முத்துப்பேச்சி எங்கன இருக்கா?"

வேலுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"வடக்குச் சுவரு கடப்பாரைக்குக்கூட அசையலியே, கொத்தனாரே."