எண்ணெய் படாத கால்

திரையில் அந்தக் கோடு மறுபடியும் எழும்பி நின்றது.

நிலக்கரி சோதிக்கும் அகச்சிவப்புக் கருவியை ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுத்திக்கொள்ள ஆய்வு மாணவி தமிழ்நிலாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அவள் ஒப்பிட்டது இரண்டு குதிகால் தோல்களை. ஒன்று, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்து, பதப்படுத்தப்பட்ட ஒருவருடையது. மற்றது மந்தாரக்குப்பத்து ராமலிங்கத்துடையது.

பழைய தோலில் தெரிந்தது எண்ணெய்க் கோடு, யாரோ தம் கையால் தடவியது என்பது அவள் கட்சி.

"செத்தவன் காலுக்கு எவன்மா எண்ணெய் தேய்க்கிறான்? தோலோட சொந்தக் கொழுப்பா இருக்கும்" என்று பேராசிரியர் சிரித்திருந்தார்.

எண்ணெய் படாத இன்றைய தோலில் அந்தக் கோடு இல்லாமலிருந்தால் அவள் வென்றிருப்பாள். இருந்தது.

அவள் கலங்கவில்லை. தவறு எங்கோ கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும் என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

தோலைச் சுரண்டிக் கொடுத்தவள் ராமலிங்கத்தின் மனைவி புஷ்பவல்லி, ஆய்வுக்கூடத்தில் கான்ட்ராக்டில் பெருக்குபவள். ஒரு வாரம் எண்ணெய் தொடக்கூடாது என்றதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டவள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. ராமலிங்கம் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கால் புஷ்பவல்லியின் மடியில். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம்.

"என்னக்கா இது?"

"சாமி சத்தியமா எண்ணெ தொடலீங்கம்மா. இது வெளக்கெண்ணெ. மருந்துதானே, தெனம் தடவிகினுதான் வரேன்."

தமிழ்நிலா வாய்விட்டுச் சிரித்தாள். தலைக்கும் தாளிக்கவும் போவதுதான் அந்த வீட்டில் எண்ணெய். கோடு வந்த வழி தெரிந்துவிட்டது. இதையும் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னால் போதும்.

புஷ்பவல்லியின் கட்டைவிரல் குதிகால் வெடிப்புக்குள் அழுந்தி இறங்கியது. ராமலிங்கம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவருக்கு வலிக்காதா?"

"பலா மரத்துலேருந்து வுழுந்ததுலேருந்து இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாதும்மா." அவள் அடுத்த காலை மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அவருக்குத்தான தெரியாது."

நிறுத்தச் சொல்ல வந்த தமிழ்நிலா, எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கைக்கெட்ட நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

விடுதி அறைக்குத் திரும்பியதும் செருப்பைக் கழற்றினாள். பிளேடை எடுத்துத் தன் குதிகாலைப் பதமாகச் சுரண்டத் தொடங்கினாள்.

இதில் அந்தக் கோடு வராது. அவளுக்கு உறுதியாகத் தெரியும்.