ஷூவில் ஒட்டிய சேறு

படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாளில், வாடகைக்கு இருந்த அறையைப் பெருக்கிவிட்டுப் போகலாமென்று வேணி துடைப்பத்தை எடுத்தாள். வீட்டுக்காரி சிவபாக்கியம் யாழ்ப்பாணத்துக்காரி. அதைப் பிடுங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

"வெளிக்கிடுற நேரத்தில இதைத் தொடாதை. வீட்ட போய்ச் சேர்ந்திட்டன் எண்டு நீ ஃபோன் எடுக்குமட்டும் நானும் கூட்டமாட்டன். ஆள் போன கையோட கூட்டிக் கழுவுறது செத்த வீட்டிலதான்."

வேணி பெட்டியை இழுத்துப் பூட்டினாள்.

"எங்கப்பா கழுவினாரு, ஆன்ட்டி. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நான் கார்ல ஏறினதும் வாளி வாளியாத் தண்ணி ஊத்தி வாசலைக் கழுவி விட்டாரு. நான் பார்க்கணும்னுதான் கழுவினாரு."

வெளியே டாக்சி வந்து நின்றது. சிவபாக்கியம் அவள் காலைப் பார்த்தாள். பனி கரைந்த தெருக்களில் நடந்து நடந்து இரண்டு ஷூவிலும் சேறு அப்பியிருந்தது. ஈரத்துணி ஒன்றை நீட்டினாள்.

"உந்தச் சேத்தோடயே போகப்போறாய்? துடைச்சுப்போட்டுப் போ, பிள்ளை."

"துடைக்க மாட்டேன். ஷூவைக் கழட்டவும் மாட்டேன். அவரு கழுவின வாசல்ல இதோடதான் ஏறுவேன். நடு வீடு வரைக்கும் போவேன்."

சிவபாக்கியம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியை வாங்கினாள். வாசலிலிருந்து டாக்சி வரைக்கும் சிமென்ட் பாதை காய்ந்து கிடந்தது. அவள் வேணியின் கையைப் பிடித்து, பனி கரைந்து சேறாகக் கிடந்த பூச்செடிப் பாத்திக்குள் இறக்கினாள்.

"இதுக்குள்ளால வா, பிள்ளை. நல்லா மிதி."